கரையும் அஞ்சடியும்



பினாங்கில் வாணிபம் செய்யும் நம்மவருள் பீச் ஸ்திரீட்டை அறியாதார் இலர். பெயரளவில் அது கடற்கரைத் தெரு, கடலோ அங்கில்லை. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்னும் துறைமுகச் சாலையை அமைத்தபோது, ஒரு காலத்தில் கரையோரமாயிருந்த தெரு ஊருக்குள் போய்விட்டது. வெல்ட் கீயில் நிற்கும் கிட்டங்கிகள் யாவும் கடலிடமிருந்து எடுத்த மண்ணின்மீதே நிற்கின்றன. எடுத்தது மனிதன். இன்று கடல் தன் கணக்கைக் கேட்க வருகிறது.

இது வெறும் அலங்காரப் பேச்சன்று. உலக வெப்பம் ஏறியதால், 1901 முதல் 2018 வரை கடல் மட்டம் உலகச் சராசரியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் 30 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை உயரலாம் என்று விஞ்ஞானிகள் கணிக்கின்றனர். மலேசியாவின் கரையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அரிக்கப்பட்டு வருகிறது என்பதை 1980களில் அரசாங்கம் நடத்திய ஆய்வே கண்டு சொல்லிற்று. நம் கண்ணெதிரே உள்ள சான்று கர்னி டிரைவ். 1952இல் அப்பெயர் பெறுமுன் வடகடற்கரை எனப்பட்ட அவ்விடத்தில் மணல் இருந்தது. சவுக்கு மரங்கள் இருந்தன. மாலையில் காற்று வாங்கப் போன நம் பெரியவர்கள் அதனைக் கண்டவர்கள். பின்னர் மணல் மறைந்தது. அலை சாலைச் சுவரில் மோதிற்று. அதன்பின் சேறு படிந்தது. இப்பொழுது 131 ஏக்கர் கடல் தூர்க்கப்பட்டு, 2024இல் கர்னி பே என்னும் பூங்காவின் முதற்பகுதி திறக்கப்பட்டிருக்கிறது.

கரையைக் காப்பது நன்று என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இராது. மாநகர் கழகமும், வடிகால் நீர்ப்பாசன இலாகாவும் அதற்காகத் திட்டம் தீட்டுவது அவர்தம் கடமை. ஆனால் நாம் கேட்க விரும்புவது வேறு. நம் கரையைக் காக்கும் செயலே அடுத்தவன் கரையைக் கரைக்குமானால், அதனை நன்மை என்று சொல்லலாமா?

அஃதெப்படி நேரும் எனில், மணல் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் பொருளன்று. அலை சாய்வாக வந்து மோதும்போது மணலைக் கரையோரமாகவே நகர்த்திச் செல்கிறது. இங்கிருந்து போகும் மணலுக்கு ஈடாக அப்பாலிருந்து மணல் வந்து சேர்கிறது. வரவும் செலவும் சரியாயிருக்கும்வரை கடற்கரை நிற்கிறது. இடையில் ஒரு கல்லணை கட்டினால், அணைக்கு ஒரு பக்கம் மணல் குவியும். மறுபக்கம் வரவு நின்று செலவு மட்டும் தொடரும். கரையோரமாகவே சுவர் எழுப்பினாலோ, மோதித் திரும்பும் அலை சுவரின் காலடி மணலை வாரிச் செல்லும். சுவர் முடியுமிடத்தில் அரிப்பு தொடங்கும்.

நம் தாயகத்துக் கரையே இதற்குச் சாட்சி. கப்பலேறி வந்த நம்மவர் பலர் கடைசியாகக் கண்ட நிலம் சென்னைத் துறைமுகம். 1870களில் அதன் கட்டுமானம் தொடங்கியது. வடக்கு நோக்கிப் போகும் மணலை அதன் கற்சுவர்கள் தடுத்தன. தெற்கே மெரினா அகன்று விரிந்தது. வடக்கே ராயபுரத்துக் கரை அரிக்கப்பட்டது. மெரினாவின் அழகைப் புகழ்வோர், அதற்கான விலையை ராயபுரத்து மீனவன் கொடுத்தான் என்பதை நினைப்பதில்லை. புதுச்சேரியிலும் 1980களின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டிய பின் இதுவே நிகழ்ந்தது. நகரத்தின் முன்புறம் கல் அடுக்கினர். அரிப்பு வடக்கேயுள்ள மீனவக் கிராமங்களுக்குச் சென்றது. 2018இல் கடலுக்கடியில் தடுப்பு அமைத்த பிறகே நகரத்தின் முன் ஓரளவு மணல் திரும்பிற்று.

இதனை விளங்கிக்கொள்ள நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் கடை வாசலுக்கு வந்தால் போதும். ஒவ்வொரு கடைக்கு முன்னும் ஐந்தடி அகல நடைபாதை இருக்கிறது. அதனை அஞ்சடி என்கிறோம். இடம் கடைக்காரனுடையது, நடக்கும் உரிமை ஊரார் எல்லாருக்கும் உரியது. ஒவ்வொருவனும் ஐந்தடி விட்டதால் தெரு முழுவதும் வெயிலும் மழையும் படாமல் நடக்க வழி பிறந்தது. இடையில் ஒருவன் மூட்டைகளை அடுக்கி அடைத்தால் அவனுக்கு இடம் லாபந்தான். ஆனால் முதியவரும் குழந்தையும் மழையில் சாலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அவன் லாபத்தில் அவர்கள் நனைந்தது கணக்கில் வரவில்லை. கரையும் ஒரு தீவின் அஞ்சடியே. ஒருவன் தன் எல்லைக்குள் செய்வதன் பலனை அடுத்த எல்லையில் உள்ளவன் அனுபவிக்கிறான்.

இவ்விடத்தில் சிலர் மறுத்துரைப்பர். "என் கடை முழுகும்போது அடுத்த ஊரானைப் பற்றி யோசிக்க முடியுமா? என் பிள்ளைகளைக் காப்பதல்லவா முதற்கடமை?" என்பர். இதில் நியாயம் உண்டு. நாம் அதனைத் தள்ளிவிடவில்லை. வெள்ளம் வரும்போது சுவர் எழுப்பாதே என்று யாரும் சொல்லவில்லை. எழுப்பு, ஆனால் அதனால் யாருக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டி அறிந்து, நேரும் நஷ்டத்தை உன் பேரேட்டில் எழுதிக்கொள் என்றே சொல்கிறோம். தெரியாமல் செய்தது பிழை. தெரிந்து மறைத்தது மோசடி. எடையில் ஒரு பலம் குறைப்பதை நாம் பாவம் என்கிறோம். கண்ணுக்கெட்டாத மீனவனின் கரையில் ஒரு முழம் குறைப்பதற்கு மட்டும் வேறு பெயர் உண்டா?

வேறு சிலரோ, "புகையைக் கக்கி உலகைச் சூடாக்கியவர்கள் பெரிய நாட்டார், நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்பர். அடுத்த கிட்டங்கியில் தீப்பிடித்தால், தீ வைத்தவன் யாரென்று விசாரித்த பிறகா தண்ணீர் எடுக்கிறோம்? நஷ்டஈடு கேட்பது பிறகு, அணைப்பது முன்பு. "கடல் எவ்வளவு உயரும் என்று விஞ்ஞானிகளே ஒரே அளவு சொல்லவில்லையே" என்போரும் உளர். தரை ஈரமாகும் என்ற ஐயம் ஒன்றே போதுமென்று மூட்டைக்கடியில் பலகை போடுகிறவர்கள் நாம். கடலுக்கு மட்டும் உறுதிச் சீட்டு கேட்பது ஏன்?

கரையைக் காக்க ஒரே வழிதான் உண்டென்பதும் இல்லை. கல்லால் சுவர் எழுப்பலாம். மணலைக் கொண்டுவந்து கொட்டலாம். ஆனால் சில ஆண்டுகளுக்கொரு முறை மீண்டும் கொட்ட வேண்டும். சேற்று நிலமாயின் பாக்காவ் மரம் வளர்க்கலாம். முத்துப்பேட்டைப் பக்கத்தார் அலையாத்திக் காட்டை அறிவர். அலையை ஆற்றுவதால் அப்பெயர். பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1990கள் முதல் இம்மரங்களைத் தம் கையால் நட்டு வருகின்றனர். அவர்கள் செல்வர்களல்லர், கரை போனால் மீனும் போகும் என்பதை அறிந்தவர்கள். நமக்கு அவர்கள் ஆசிரியர்கள்.

கரை நாம் விலைக்கு வாங்கிய சரக்கன்று, அமானிதம். அமானிதப் பொருளை வைத்திருப்பவன் அதனைத் தன் லாபத்துக்கு விற்கவும் ஆகாது, கவனியாது கெடவிடவும் ஆகாது. இன்னும் பிறவாதவர்களும் அதில் பங்குடையவர்கள். ஆனால் அவர்கள் கூட்டத்துக்கு வந்து பேச முடியாது.

பேசக்கூடியவர்கள் நாம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட நகலை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அப்படி வைக்கப்படும்போது, நம் கடை அமைந்த தெருவை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புவது நம் வழக்கம். இனி மூன்று கேள்விகளையேனும் கேட்டு வருவோம். இந்தச் சுவர் முடியுமிடத்தில் வாழ்பவர் யார்? அவர்களைக் கேட்டாயிற்றா? இருபது ஆண்டுகளுக்குப் பின் இதனைப் பழுதுபார்க்கும் செலவு யாருடையது? அச்செலவில் நம் பங்கு மதிப்பீட்டு வரியாக வருமானால், முணுமுணுக்காது கொடுக்கவும் வேண்டும். கொடுக்க மனமில்லாதவன் கேட்கும் கேள்விக்கு மதிப்பில்லை.

அங்கு போவதற்கு முன் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. நம் கடை அஞ்சடியில் மூட்டைகள் இருந்தால், அவற்றை இன்றே உள்ளே எடுத்து வைப்போம்.