எண்ணெயும் கட்டுத்துணியும்



நல்ல சமாரித்தன் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எரிக்கோவுக்குப் போகும் வழியில் கள்ளர் கையில் அடிபட்ட ஒருவன் குற்றுயிராய்க் கிடந்தான். குருவும் லேவித்தனும் கண்டு விலகிப்போனார்கள். அந்நியனாகிய சமாரித்தன் மாத்திரம் கிட்டே வந்தான். அவன் இரக்கப்பட்டதோடு நின்றுவிட்டானா? இல்லை. காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான். அதுவே அக்காலத்து வைத்தியம். அவன் வைத்தியனல்ல, ஆனாலும் செய்யவேண்டியதை அறிந்திருந்தான். பின்பு சத்திரத்தில் சேர்த்து, பராமரிப்பைச் சத்திரக்காரனிடம் ஒப்புவித்தான்.

நமக்கும் ஓர் எரிக்கோ வழி உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர் வழியாய் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையே அது. இரவு ஷிப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு வண்டி ஓட்டி வருவோர் நம் பிள்ளைகள் அல்லவா? 2023-ஆம் வருஷம் ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும், அக்டோபரில் அத்திப்பள்ளியிலும் பட்டாசுக் கிடங்கு விபத்துகளில் பலர் மாண்டதை நாம் மறக்கவில்லை.

அப்படியிருக்க, விழுந்து கிடப்பவனைக் கண்டு நாம் ஏன் விலகுகிறோம்? கல்நெஞ்சத்தால் அல்ல, அச்சத்தாலே.

போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அலையவேண்டுமே என்பது முதல் அச்சம். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டும், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் இதை நீக்கிவிட்டன. நல்லெண்ணத்தோடு உதவியவர் தம் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. அச்சட்டம் அவருக்கு இட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘நல்ல சமாரித்தன்’ என்பதே!

செலவு நம் தலையில் விழுமோ என்பது இரண்டாம் அச்சம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சை வரம்புக்குட்பட்டு இலவசம்.

என்ன செய்வதென்று தெரியவில்லையே என்பது மூன்றாம் அச்சம். இதைச் சட்டம் நீக்காது. நாமே கற்று நீக்கவேண்டும்.

முதற்காரியம், 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலும் அதே எண்தான். கிலோமீட்டர் கல்லையும், சாலையின் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள்.

இரத்தம் பாய்ந்தால், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்று வையுங்கள், எடுத்தெடுத்துப் பார்க்கவேண்டாம். காப்பித்தூள் அப்பவேண்டாம்.

நினைவிழந்தவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலை அடைக்கும். மூச்சு இருந்தால், கழுத்து திருகாமல் ஒருக்களித்துக் கிடத்துங்கள். மூச்சு நின்றிருந்தால், நடுநெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோர்த்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் அமிழும்படி அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

வலிப்பு கண்டவர் கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை. தலைக்கு அடியில் துணி வைத்து, ஒருக்களித்து விடுங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

தீப்புண்ணுக்கு மாவும் மையும் பற்பசையும் ஆகா. 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள்.

மிஷினில் விரல் துண்டானால், அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்துக் கொண்டுபோங்கள். விரல்மேல் ஐஸ் நேரே படலாகாது.

கொல்லையில் பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்காதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாது. ஆகையால் வலியில்லை என்று தாமதிக்கவேண்டாம். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் உண்டு, மந்திரிப்பவரிடம் அல்ல.

நெஞ்சை அடைத்து, இடது கை வலித்து, வியர்த்தால் ‘வாயு’ என்று சோடா கொடுத்துக் காலம் போக்காதீர்கள்.

பிரியமானவர்களே, இவற்றில் எதற்கும் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நம் பங்கிலுள்ள நர்சு சகோதரிகளிடம் ஒரு மாலை கேட்டு, கையால் செய்து பழகினால் போதும். வண்டிப் பெட்டியில் ஒரு சுத்தமான துணி இருக்கட்டும். சமாரித்தனிடமும் எண்ணெய் முன்னதாகவே இருந்ததல்லவா?

நமதாண்டவர் அந்த உவமையைச் சொல்லி முடித்து, கேட்டவனைக் கண்ணீர்விடச் சொல்லவில்லை. போய் அவ்வண்ணமே செய்யச் சொன்னார். நாமும் கற்போம், செய்வோம். சர்வேசுரன் நம் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.