நட்பும் நாணமும்

நண்பர்களுக்கிடையே நீதி வேண்டுமா? இவ்வினா கேட்போர்க்கு முதலில் விந்தையாகத் தோன்றலாம். நட்பு உள்ள இடத்தில் நீதிக்கு வேலையில்லை என்பதே பொதுவான எண்ணம். நண்பராயினார்க்கு நீதி வேண்டுவதில்லை, நீதியுடையார்க்கோ நட்பும் வேண்டும் என அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிற் கூறினார். ஸ்கொட்லாந்து நாட்டு மெய்யியலாளரான டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் வேறொரு வழியாக இம்முடிவை அண்மினார். பொருள்கள் அருகியிருப்பதும், மனிதரின் ஈகைக்கு ஓர் எல்லை இருப்பதுமே நீதி தோன்றுவதற்குக் காரணம். உள்ளன்பு கொண்ட நண்பரிடையே 'எனது', 'உனது' என்னும் வேற்றுமை மறைந்துவிடும் என்பது அவர் கருத்து. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, ஹியூம் பிறந்து இறந்த எடின்பரோ நகரத்தையே களமாகக் கொண்டு ஆராய்வோம்.

பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றிற் பயிலும் நண்பர் மூவர் அந்நகரைக் காண இரண்டு நாட் பயணம் செல்கின்றனர் எனக் கொள்வோம். இரவு பஸ் வண்டியில் வந்து, பலர் ஓர் அறையில் உறங்கும் மலிவான விடுதியிலே தங்கி, கடையில் வாங்கிய பாணை உண்டு அவர்கள் செலவைச் சுருக்குகின்றனர். ஒருவனுக்கு வீட்டிலிருந்து பணம் வருகின்றது. மற்றவன் புலமைப்பரிசில் பெறுபவன். மூன்றாமவன் உணவகமொன்றிற் கோப்பை கழுவிச் சேர்த்த பணத்துடன் வந்திருக்கின்றான். சிக்கனப் பயணம் என்ற சொல் மூவருக்கும் பொது. அதன் பொருளோ பொதுவன்று. முதலாமவனுக்குச் சிக்கனம் ஒரு விருப்பம். மூன்றாமவனுக்கு அதுவே எல்லை.

றோயல் மைல் எனப்படும் பழைய வீதியில் ஏறிக் கோட்டை முன்றிலை அடைகின்றனர். முன்றில் வரை எவரும் செல்லலாம். உள்ளே சென்று ஸ்கொட்லாந்து மன்னரின் முடியையும் செங்கோலையும், 12ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயத்தையும் காண்பதற்கு ஏறக்குறைய 20 பவுண் கட்டணம். மூன்றாமவன் தயங்குகின்றான். "எனக்குக் கால் நோகிறது; நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன்" என்கின்றான். அவன் காலில் நோவில்லை என்பதை மற்ற இருவரும் அறிவர்.

இப்பொழுது அவர்கள் செய்யத்தக்கது யாது? அவன் சொல்லை ஏற்று உள்ளே செல்லலாம். அவரவர் செலவு அவரவர்க்கு என்ற ஒப்பந்தம் அதனால் மீறப்படவில்லை. ஆனால் மதிலுக்கு வெளியே ஒருவனைக் காத்திருக்க வைத்துவிட்டு மன்னர் முடியைக் காண்பது நட்பாகாது. அவனுக்கும் சேர்த்துப் பணம் கட்டலாம். அதனாற் பணமுடை நீங்கும். ஆனால் பொய் சொல்லி அவன் மறைக்க முயன்றது வெளியாகிவிடும். மூவருமே உள்ளே செல்லாது திரும்பலாம். அப்பொழுது சமத்துவம் கிட்டும். ஆனால் தன் வறுமை பிறர் மகிழ்ச்சியையும் கெடுத்தது என்ற சுமை அவன் தலையில் ஏறும். மூன்று வழிகளும் பிழைபடுகின்றன. பணம் மாத்திரமே குறைவாக இருந்திருப்பின் ஹியூம் கூறியவாறு அன்பு அக்குறையை நிறைத்திருக்கும். இங்கே காக்கப்பட வேண்டியது மானமும் ஆகும். அதனைப் பங்கிட்டுக் கொடுத்தல் இயலாது.

இவ்வுண்மையைத் தெளிவாகக் கண்டவர் ஹியூமின் நண்பரான அடம் ஸ்மித். 1776இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் அவர் சணல் நூற் சட்டையை உதாரணமாகக் காட்டுகின்றார். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் அச்சட்டையின்றி வசதியாகவே வாழ்ந்தனர். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நாட்கூலியாளனும் அஃதின்றி வெளியே வர நாணுவான் என்கின்றார். சட்டையின் தேவையை உண்டாக்குவது குளிரன்று, பிறர் பார்வை. கோட்டைச் சீட்டும் இத்தகையதே. வழியிற் செல்லும் அந்நியர் முன்னே அது வெறும் சீட்டு. நண்பர் இருவர் முன்னே அதுவே சட்டை ஆகிவிடுகின்றது.

திருவள்ளுவர் நட்பினை விளக்க எடுத்துக்கொண்ட உவமையும் ஆடையே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆடை நெகிழும் கணத்திலே கை தானாகச் சென்று பற்றுவது போன்று நண்பனின் இடுக்கண் களைவது நட்பு என்றார் அவர். கையின் செயலில் இரு பண்புகள் உள. அது கேட்கப்படுவதற்கு முன்னரே விரைகின்றது. செய்த உதவிக்குக் கணக்கு வைப்பதுமில்லை. ஆகவே கோட்டை வாயிலில் எழுந்த வினாவுக்கு வாயிலில் விடை கிடையாமை வியப்பன்று. அங்கே ஆடை முன்னரே நழுவிவிட்டது. அவ்வினாவை முதல் நாள் இரவு, பயணத்தைத் திட்டமிட்ட பொழுதே எதிர்கொண்டிருத்தல் வேண்டும். மூவர் பணத்தின் சராசரியன்று, மிகச் சிறிய பையே பொதுத் திட்டத்துக்கு அளவாதல் வேண்டும். அது யாருடைய பை என்ற பேச்சே எழலாகாது.

எடின்பரோ இதற்கு இடந்தரும் நகரம். தேசிய நூதனசாலைக்குக் கட்டணமில்லை. 1996இல் படியாக்க முறையிற் பிறந்த டொலி என்னும் ஆட்டின் உடல் அங்கேதான் உள்ளது. 251 மீற்றர் உயரமான ஆதர்ஸ் சீற் குன்றில் ஏற எவரும் பணம் கேட்பதில்லை. ஸ்மித், ஹியூம் இருவரின் கல்லறைகளும் அவ்வாறே. கோட்டையினுள்ளே 1861 முதல் பிற்பகல் ஒரு மணிக்கு வெடிக்கப்பட்டு வரும் பீரங்கியின் ஓசை, சீட்டு வாங்கியோர்க்கும் வாங்காதோர்க்கும் ஒன்றாகவே கேட்கும்.

ஆயின், கோட்டையைக் காணப் பல காலம் ஏங்கியவன், மற்றொருவனிடம் பணமில்லை என்பதற்காக அதனை இழக்க வேண்டுமா என வினவலாம். வேண்டியதில்லை. பயணத்தில் மூவரும் கூடியிருக்கும் பொழுதும், அவரவர் மனம்போற் செல்லும் பொழுதும் முன்னரே வகுக்கப்பட்டிருப்பின், அவன் தனித்துச் சென்று காணலாம். எல்லாரும் ஒன்றையே காண்பது நீதியின் தேவையன்று. ஒருவன் வெளியே நிறுத்தப்பட்டவனாக ஆகாதிருப்பதே அதன் தேவை.

மூன்றாமவனுக்கும் ஒரு கடமை உண்டு. கால் நோகிறது என்ற பொய் அவன் மானத்தைக் காத்தது. ஆனால் நண்பர்கள் கையாக இருக்கும் வாய்ப்பை அது பறித்தது. தன் எல்லையை முன்னரே சொல்லாதவன், நண்பரையும் தன்னை எடைபோடும் அந்நியராகவே கருதுகின்றான். கொடுக்க மாத்திரம் அறிந்து, பெற்றுக்கொள்ள நாணுவதும் நட்பின் குறையே.

எடின்பரோவின் கால்டன் குன்றில், ஹியூமின் கல்லறைக்குச் சற்று மேலே, நெப்போலியப் போர்களில் மடிந்தோர்க்கான தேசிய நினைவுச்சின்னம் நிற்கின்றது. ஏதென்ஸ் நகரின் பார்த்தினன் ஆலயத்தை ஒப்ப எழுப்பக் கருதி 1826இல் தொடங்கப்பட்ட இப்பணி, பணமின்மையால் 1829இல் நின்றுபோயிற்று. பன்னிரு தூண்களே எழுந்தன. நகரத்தின் அவமானம் என அதனைப் பழித்தனர். எனினும் எவரும் அதனை மறைக்கவுமில்லை, இடித்தகற்றவுமில்லை. நம் நண்பர் மூவரும் இரண்டாம் நாள் மாலை அத்தூண்களின் அடியில் அமர்ந்து, கட்டணமின்றி முழு நகரத்தையும், தூரத்தே கோட்டையையும் காணலாம். மூன்றாமவன் தன் பையின் அளவைச் சொல்வதற்கு அதனிலும் ஏற்ற இடம் கிடைத்தல் அரிது. நண்பர்க்கு நீதி வேண்டுவதில்லை என்ற அரிஸ்டோட்டிலின் கூற்றை, கணக்குப் பார்க்கும் நீதி வேண்டுவதில்லை எனத் திருத்திக் கொள்ளலாம். முன்னறிந்து காக்கும் நீதி நண்பர்க்கே எல்லாரினும் மிகுதியாக வேண்டும்.