பயனில்லாத பகா எண்

2,14,74,83,647. இரண்டை 31 முறை எழுதிப் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இது பகா எண் என்று 1772-இல் அறிவித்தவர் கணித அறிஞர் ஆய்லர். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருக்கு அப்போது கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது.

ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே 46,340 வரை போக வேண்டும். கிட்டத்தட்ட 4,800 பகா எண்கள். ஆய்லர் அத்தனையையும் தொடவில்லை. இந்த எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வர முடியும் என்று முதலில் காட்டினார். மற்றவை எல்லாம் வகுக்காமலே கழிந்தன. எஞ்சியவை நானூறுகூட இல்லை. அவற்றிலும் பல பகு எண்கள். கணக்குப் போடுவதைவிட, எந்தக் கணக்கைப் போட வேண்டாம் என்று கண்டதே பெரிய வேலை என்பேன்.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இந்தப் பகா எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைவிட (தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்) பெரியதை இனி அநேகமாக யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று எழுதினார். அவர் சொன்ன காரணம்தான் வேடிக்கை: இவை வெறும் விநோதங்கள், பயன் ஏதும் இல்லை, எனவே மேற்கொண்டு தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள். பயனில்லாததைத் தேட ஆளா இல்லை? 1876-இல் லூகாஸ் என்பவர், இன்னும் பெரிய நிறைவெண்ணைத் தரும் 39 இலக்கப் பகா எண் ஒன்றைக் காட்டிவிட்டார்.

பயனும் வந்து சேர்ந்தது. 32 பிட்டில் எண்ணை எழுதும் கணினி, ஒரு பிட்டைக் கூட்டல் கழித்தல் குறிக்கு விட்டுவிட்டால், அதிகபட்சம் எண்ணக்கூடியது ஆய்லரின் இதே எண்தான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை அப்படி எண்ணிவரும் பழைய கணினிக் கடிகாரங்களுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு கணக்கு முடிகிறது. அடுத்த நொடியில் அவை 1901-க்குத் தாவிவிடும்.

இதெல்லாம் எண்ணின் அளவால் வந்த பயன். பகா எண்ணாக இருப்பதாலேயே வந்த பயன் வேறு. இதைவிடச் சிறிய ஏதாவதொரு நேர் முழு எண்ணை எடுத்து 16,807-ஆல் பெருக்கி, 2,14,74,83,647-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்தால், 1 முதல் 2,14,74,83,646 வரை ஒன்றுவிடாமல் எல்லாம் வந்த பிறகுதான் தொடங்கிய எண் மறுபடி தலைகாட்டும். சீட்டுக் குலுக்கியது போல எண்கள் தேவைப்படும் இடங்களில் கணினிகள் இந்த முறையை வெகுகாலம் நம்பியிருந்தன. வகுக்கும் எண் பகு எண்ணாக இருந்தால் இந்த முழுச் சுற்று நடக்காது.

இப்போது 64 பிட்டுக்கு மாறிவிட்டோம். புதிய உச்சவரம்பு, இரண்டின் 63-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு; 19 இலக்கம். ஆனால் 63 மூன்றால் வகுபடுவதால், அந்த எண் 7-ஆல் வகுபட்டுவிடும். ஆய்லருக்கு அதில் ஒரு நிமிட வேலைகூட இருந்திருக்காது.