தவறு செய்ய ஒரு தரை

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளே வறண்டுபோயின. எங்கள் திருநின்றவூர் ஏரியின் ஓரமும் பாளம்பாளமாய் வெடித்துக் கிடந்தது. அந்தத் தரையில்தான், சித்தப்பாவின் பழைய குட்டி யானையில், நான் வண்டி ஓட்டக் கற்றேன்.

"ரோட்டுலயே கத்துக்கறேனே" என்றேன்.

"ரோட்டுல இன்னொருத்தன் இடிச்சான்னா ஓட்டத் தெரியாதவன்னுவாங்க. நீ இடிச்சா எந்தத் தெருக்காரன்னு கேப்பாங்க. மொதல்ல இங்க தப்பு பண்ணுடா" என்றார் சித்தப்பா. கும்மிடிப்பூண்டிக்கு லாரி ஓட்டித் தேய்ந்த மனுஷன்.

முதல் நாளே பின்சக்கரம் மணலில் மாட்டிக்கொண்டது. பதறி ஆக்சிலேட்டரை மிதித்தேன். "மிதிக்காத. மிதிச்சா சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கும்." டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். டயர் பரந்தால் பாரமும் பரவும், புதையாது. சக்கரத்தின் முன்னாலிருந்த மணலைக் கையால் வாரினோம். இரண்டாம் கியரில் கிளட்சை மெதுவாய் விட்டதும் வண்டி ஏறி வந்தது.

இதே வித்தையைக் காசு செலவழித்துத் தார் பாலைவனத்தில் போய்க் கற்கிறவர்கள் உண்டு. பாதையில்லாத இடம் அவர்களுக்கு விளையாட்டு. பிணத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கி நடக்கிற சேரிக்கு அது திணிக்கப்பட்ட விதி.

1929இல் அண்ணல் அம்பேத்கர் மராட்டியத்துச் சாலிஸ்காவ் ரயிலடியில் இறங்கினார். மகர் குடியிருப்புக்கு அவரை ஏற்றிப்போக எந்தக் குதிரைவண்டிக்காரரும் முன்வரவில்லை. வண்டியைத் தருகிறோம், ஓட்டமாட்டோம் என்றார்கள். ஓட்டிப் பழகாத மகர் ஒருவர் கடிவாளம் பிடித்தார். பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கியது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. தூக்கி எறியப்பட்ட அண்ணலின் கால் முறிந்தது. பயணியின் கௌரவத்தைவிட அவருடைய பாதுகாப்பு முக்கியம் என்பதை அம்மக்கள் மறந்துவிட்டார்கள் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

அது சரிதான். தெரியாமல் ஓட்டுவது உரிமை ஆகாது, முறிவது அடுத்தவர் எலும்பு. ஆனால் கேள்வி அங்கே முடியவில்லை. அந்த மகருடைய கையில் அதற்குமுன் கடிவாளத்தைக் கொடுத்தது யார்? விழுந்தெழுந்து பழக அவருக்கு ஒரு நாள், ஒரு தரை இருந்ததா? ஓட்ட மறுத்தவர்கள் கணக்கில் வரவில்லை. ஓட்டியவரின் திறமைக் குறைவு மட்டும் கண்ணில் படுகிறது.

கல்லூரிக்கு முதன்முதலாக வருகிற நம் பிள்ளைக்கும் இதுதானே நடக்கிறது? மற்றவன் தவறினால் அனுபவம், நாம் தவறினால் தகுதியின்மை. தகுதி பேசுகிறவர்கள் யாரும் தவறாமல் கற்றவர்கள் அல்ல. அவர்கள் தவறியபோது யாரும் தெருவைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சமத்துவம் என்பது சாலையில் போகிற உரிமை மட்டுமல்ல. தவறுவதற்கும், அந்தத் தவறு தன்னுடையதாக மட்டுமே இருப்பதற்குமான உரிமையும்கூட.

மனசுக்குள்ளேயே கோயில் கட்டினாராம் பூசலார், எங்க ஊர்க் கதை. மனசுக்குள்ளேயே வண்டி ஓட்டிப் பழக முடியாது. தரை வேணும்.

அடுத்த மழையில் அந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. "அண்ணே, நான் எங்க கத்துக்கறது?" என்கிறாள் தங்கச்சி.