மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

பழுதான காரைப் பழையபடி ஆக்குவது திறமை. பழையபடி ஆக்க வழியே இல்லாதபோது அதை வேறு விதமாக ஓடவைப்பது அதைவிடப் பெரிய திறமை.

1990இல் இலங்கை அரசின் பொருளாதாரத் தடை வந்தபின் இலங்கையின் வடக்கே வன்னியில் பெற்றோல் கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் அப்போதும் ஓடின. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, சூடு பிடித்தால் எரியும். அமுக்கம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. பின்னால் புகை கிளம்பும், பிளக்கில் கரி படியும். கழற்றித் துடைத்துப் பூட்டிவிட்டு மறுபடி ஓடுவார்கள். மொறிஸ் மைனரின் உற்பத்தி 1971இலேயே நின்றுவிட்டது. அதன் பிறகும் அதை வாழவைத்தவை வீட்டு முற்றத்து மரநிழலும், கிடைக்காத பாகங்களைத் தாமே செய்து பூட்டிய, கிறீஸ் படிந்த கைகளும்தான்.

இன்று அந்தக் கார்களைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொழிற்சாலை மினுக்கத்தை மீட்கும் ஆசையில், அந்நாளில் கையால் செய்து பூட்டிய பாகங்களைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அவற்றைச் செய்தவர்கள் பலர் இன்று நம்மிடையே இல்லை.