பட்டாதாரரும் உழுபவனும்

2020 ஆகஸ்டில் கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் பி.எம். கிசான் நிதியில் நடந்த மோசடி வெளிப்பட்டது. உழவரல்லாதார் பலர், ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெறும் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தனர். அது பொய், அதில் இரு கருத்தில்லை.

நிற்க. சிதம்பரம் பக்கம் வீராணப் பாசன நஞ்சையைக் குத்தகைக்கு விட்டிருப்பவர், தம் பெயரில் பட்டா இருப்பதால் விண்ணப்பிக்கிறார். வருமான வரி கட்டுவோர் போன்ற விலக்குகளில் அவர் வரவில்லை. விண்ணப்பத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சேற்றில் இறங்கி உழுபவனுக்கோ நிலம் சொந்தமில்லை. ஆதலின் உதவியும் இல்லை.

கூடுமா என்று கேட்டால், கூடும் என்றே சொல்வர். பேணுதலுடையவர் அவ்விடத்தில் நின்றுவிடுவாரா? விதைக்கும் உரத்துக்கும் துணையாகவே அத்தொகை ஏற்பட்டது. அவற்றை வாங்கியவனோ குத்தகைக்காரன். அவனுடைய ஹக்கு அதில் கலந்திருக்கிறது என்றே கருதுகிறேன். 2,000 ரூபாய்த் தவணை வந்ததும் குத்தகை நெல்லில் அவ்வளவைக் கழித்துவிடலாம். எந்த அதிகாரியும் அதைக் கேட்கப் போவதில்லை.