ஆராய்ச்சி மணியும் ஒரு குருளையின் சிணுங்கலும்

எட்டு மாத நாய் ஒன்று வீட்டில் ஓயாமல் சிணுங்குகிறது. சோறு வைத்தாயிற்று, தண்ணீர் இருக்கிறது, காலையில் தெருமுனை வரை நடத்திக் கூட்டிவந்தும் ஆயிற்று. ஆனாலும் கதவருகே நின்று மூக்கால் இழுத்திழுத்து அதே ஓசை. பயிற்சியாளரைக் கூப்பிட்டால் தீர்ந்துவிடும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பயிற்சியாளர் வருவதற்கு முன்னால் அறம் சார்ந்த கேள்வி ஒன்று வாசலில் காத்திருக்கிறது. பேச்சில்லாத ஓர் உயிர் நம்மைப் பார்த்து எழுப்பும் குரலுக்கு நாம் செய்யவேண்டிய கடன் என்ன? வாயை அடக்குவதா, கேட்டதைக் கொடுப்பதா? நம்மவர்கள் இந்த இரண்டுக்கும் வெளியே ஒரு விடையை வெகுநாள் முன்பே சொல்லிவைத்திருக்கிறார்கள். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் தொங்கிய மணிதான் அந்த விடை.

இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் கன்றை இழந்த பசு கொம்பால் அந்த மணியை அடித்தது என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. தேர்ச்சக்கரத்தில் மகனைக் கிடத்திய பகுதியே எல்லோர் மனத்திலும் நிற்கிறது. அதற்கு முந்தைய கணத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. பசு எதையும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஓசை மட்டும் எழுந்தது. அரசன் வெளியே வந்தான், பசுவைப் பார்த்தான், என்ன நேர்ந்தது என்று கேட்டான். முதிய அமைச்சர் ஒருவர் நடந்ததை எடுத்துச் சொன்னார். அந்த மணிக்கு வழங்கும் பெயரைக் கவனியுங்கள்: ஆராய்ச்சி மணி. அடித்தவர் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அந்தப் பெயர் உறுதி தரவில்லை. ஆராயப்படும் என்றே உறுதி தருகிறது. நாயின் சிணுங்கலுக்கும் நாம் பட்ட கடன் இதுவே என்பது என் வாதம்.

ஆராய்வதற்கு அந்த ஓசைக்குப் பின்னால் யாராவது இருக்கவேண்டுமே என்ற ஐயம் பழையது. 1637இல் தத்துவஞானி டெகார்ட் விலங்குகளை எந்திரங்களுக்கு ஒப்பிட்டார். அவர் வழிவந்த மலேபிரான்ஷ், அவை வலியில்லாமலே கத்துகின்றன என்றுகூட எழுதினார். அப்படியானால் சிணுங்கல் என்பது எண்ணெய் போடாத கீலின் கிறீச்சொலி. தொல்காப்பியத்தின் மரபியல் இந்தப் பாதையில் போகவில்லை. உயிர்களை அறிவின் அடுக்குகளாகப் பிரித்து விலங்குகளுக்கு ஐந்தறிவு தந்த அந்த நூல், நாயின் பிள்ளைக்கும் புலியின் பிள்ளைக்கும் குருளை என்ற ஒரே பெயரை வைத்தது. ஐரோப்பாவிலும் 1789இல் தத்துவஞானி பெந்தாம், அவற்றால் பேச முடியுமா என்பதை விட்டுத் துன்பப்பட முடியுமா என்று கேட்கச் சொன்னார். ஆனால் என்னை அதிகம் அசைத்த சான்று நரிகளிடமிருந்து வந்தது. 1959 முதல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் விஞ்ஞானி திமித்ரி பெல்யாயேவ் வெள்ளிநரிகளை வளர்த்தார். மனிதரைக் கண்டு அஞ்சாதவற்றை மட்டுமே அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தார். குரலுக்காக எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. சில தலைமுறைகளுக்குள் அந்த நரிகள் வாலாட்டின, மனிதர் கவனத்துக்காகச் சிணுங்கின. ஓநாய்க் குட்டியும் தாயிடம் சிணுங்கும்தான். ஆனால் அந்தக் குரல் மனிதரின் பக்கம் திரும்புவது, நாம் ஒரு விலங்கை அணைத்துப் பழக்கும்போது கூடவே வருவது. வாசலில் மணியைக் கட்டியவர்கள் நாம்தான். அடிக்கிறது என்று நாய்மேல் குறைப்படுவதற்கு நமக்கு அதிக உரிமை இல்லை.

மணி அடிக்காதபடி நாக்கைக் கழற்றிவிடலாமே என்பது முதல் வழி. அதட்டல், அடி, கழுத்தில் மின்னதிர்வுப் பட்டை எல்லாம் இந்த வழியில் வருபவை. வேலை செய்கின்றன என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஓசை நின்றுவிடும். நின்றதன் பொருள் என்ன என்பதே கேள்வி. 1967இல் உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும் செய்த சோதனையில், எது செய்தாலும் மின்னதிர்வு நிற்காது என்று முன்பே கண்டுகொண்ட நாய்களில் பெரும்பாலானவை, பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையிலும் தாண்டவில்லை. படுத்துக்கொண்டு மெல்ல முனகியபடி அதிர்வை வாங்கிக்கொண்டன. அவையும் அமைதியான நாய்கள்தான். ஆறுதலால் வரும் அமைதியும், இனி கேட்டுப் பயனில்லை என்ற முடிவால் வரும் அமைதியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும். வேல்ஸ் நாடு 2010இலேயே மின்பட்டையைத் தடைசெய்தது. மகாபாரதம் இந்தக் குற்றத்தை எங்கே வைத்தது என்று பாருங்கள். கதை தொடங்கும் ஆதிபருவத்திலேயே, அரசன் ஜனமேஜயனின் வேள்விக்கு வந்த நாய்க்குட்டியை அவன் தம்பியர் அடிக்க, அது அழுதுகொண்டே தாய் சரமையிடம் போகிறது. அவிப்பொருளை நக்கவில்லை, ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. சரமை வேள்விக்களத்துக்கே வந்து, எதற்காக அடித்தீர்கள் என்று கேட்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. அதன்பின் வருவது சாபம். அடித்தது ஒரு குற்றம். கேட்டபோது விசாரிக்காமல் வாய்மூடி இருந்தது அதைவிடப் பெரிய குற்றமாகவே எனக்குப் படுகிறது.

ஆராயவேண்டும் என்ற வாதத்துக்கு எதிரே நிற்கும் மறுப்பு வலுவானது. சிணுங்கும்போதெல்லாம் செவிசாய்த்தால் சிணுங்கலைத்தானே வளர்க்கிறோம்? உண்மை. பத்து முறை பொறுத்துப் பதினோராம் முறை பிஸ்கட்டைப் போடும் வீட்டில் நாய் கற்பது, பதினோரு முறை கேட்கவேண்டும் என்பதையே. எப்போதாவது கிடைக்கும் பலன், எப்போதும் கிடைப்பதைவிட ஒரு பழக்கத்தை அழுத்தமாக வேரூன்றச் செய்யும் என்பதை உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957இல் விரிவாகவே காட்டிவிட்டார்கள். ஆனால் இந்த மறுப்பு இடித்துத் தள்ளுவது கொடுப்பதைத்தான், ஆராய்வதை இல்லை. காது தொற்றா, வயிற்று உபத்திரவமா, வெளியே போகவேண்டிய அவசரமா, கூண்டில் கிடந்த சலிப்பா, சும்மா மடியில் ஏறும் ஆசையா என்று பார்ப்பது ஒரு காரியம். சிணுங்கியதும் பிஸ்கட் டப்பாவைத் திறப்பது வேறொரு காரியம். முதல் மூன்றில் ஒன்றானால் அப்போதே எழவேண்டும். கடைசியானால், அது வாயை மூடித் தரையில் உட்காரும் கணத்துக்காகக் காத்திருந்து, அந்தக் கணத்தில் அருகே போகவேண்டும். முதல் சில நாட்கள் குரல் முன்பைவிடக் கூடும். அப்போது மனம் இளகினால் எல்லாம் பாழ். இப்படிச் செய்பவர் நாயைப் புறக்கணிக்கவில்லை. பேசாமல் இருந்தாலும் கவனிக்கப்படுவாய் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

குரல் எழுவதற்கு முன்பே கொடுக்கவேண்டியது ஒன்றும் உண்டு. எட்டு மாதம் நாய்க்கு விடலைப் பருவம். 2020இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்டவற்றைப் பார்த்தது. ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் சொல்லி உட்கார்ந்தவை, எட்டு மாதத்தில் அதே சொல்லை அதிகம் மீறின. அந்நியர் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. நம் பிள்ளைகள் அடுத்த வீட்டில் அடக்கமாக இருப்பது இங்கே நினைவுக்கு வரத்தான் செய்கிறது. மீறலும் சிணுங்கலும் வளர்ப்பவர் பக்கமே திரும்புவதைக் கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்வது அவசரம். இதே வயதில், கரிசல் காட்டில் முயல் துரத்தப் பிறந்த சிப்பிப்பாறையை மூன்றாவது மாடி ஃபிளாட்டில் கட்டிவைத்துவிட்டு, ஏன் சிணுங்குகிறது என்று கேட்பதில் நியாயம் எங்கே இருக்கிறது? 1960ஆம் ஆண்டின் இந்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, எப்போதும் சங்கிலியிலோ அடைப்பிலோ இருக்கும் நாயைப் போதிய அளவு நடமாடவிடாமல் வைப்பதையும் வதை என்றே எண்ணுகிறது. உதைப்பதோடு ஒரே வரிசையில் அதை வைத்தவர்கள் ஆழமாக யோசித்திருக்கிறார்கள். காலை வாக்கிங்கில் பத்து நிமிடம் கூடுதலாக, இஷ்டப்படி மோப்பம் பிடிக்க விட்டு நடத்துவது, மாலை முழுக்க அதட்டுவதைவிட நேர்மையான பதில்.

பக்கத்து வீட்டில் இரவுப்பணி முடித்துத் தூங்குபவர் இருக்கிறாரே, அவர் தூக்கம் நாயின் மனத்தைவிடக் குறைந்ததா என்று கேட்கலாம். குறைந்ததே இல்லை. அவரும் மணி அடிக்க உரிமை உள்ளவர்தான். இரண்டு மணிகள் ஒரே நேரத்தில் அடிக்கும்போது ஒன்றின் நாக்கை அறுப்பது தீர்ப்பாகாது. வளர்ப்பவர் தன் நேரத்திலிருந்தும் உறக்கத்திலிருந்தும் எடுத்து இரண்டுக்கும் ஈடுகட்டவேண்டும். அதற்கு இயலாதவர் துள்ளும் இனத்து நாயை வாங்காமல் இருப்பதே நல்லது. கடுமையான பேச்சாகத் தோன்றலாம். ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கி, ஒரு வருடத்துக்குள் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகும் கொடுமையை நினைத்தால், இதைச் சொல்லத் தயங்க முடியவில்லை.

எல்லாம் செய்த பிறகும் ஒரு சிணுங்கல் மிஞ்சும். வேலைக்குக் கிளம்புபவரின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழும் அந்தக் குரல். அது உணவைக் கேட்கவில்லை, நடையைக் கேட்கவில்லை, ஆளையே கேட்கிறது. கொடுக்க முடியாததைக் கேட்கிறது. பசு மணி அடித்தபோதும் கன்றைத் திருப்பிக் கொடுக்கும் ஆற்றல் சோழனிடம் இல்லை. ஆனாலும் அவன் வாயிலுக்கு இறங்கி வந்தான். நாயிடம் இறங்கி வருவதென்றால், செருப்பை மாட்டிக்கொண்டு எங்கும் போகாமல் உட்காருவது, இரண்டு நிமிடம் வெளியே நின்று திரும்பி வருவது, மறுநாள் ஐந்து நிமிடம், அதற்கடுத்த வாரம் அரைமணி, அது பதறத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் கதவைத் திறப்பது.